பழைய கோழிகளோட வெடக்கோழிகளைச் சேர்க்கணும், எப்படிச் செஞ்சா நல்லது?

தோப்புவீடு (உடுமலை)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வீட்டுத் தோப்புல சிறுவிடை (சின்ன ரக நாட்டுக்கோழி) பெட்டை 9, சேவல் 1 இருக்குது. ரெண்டு வருஷத்துக்கு மேல ஒண்ணாத் திரியுற கூட்டம். முட்டை குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு, இன்னும் முட்டைக்கு வராத 4 வெடக்கோழி வாங்கியிருக்கோம். வாரச்சந்தையில வாங்கினது, மூணு மாசம் ஆச்சுன்னு சொல்லிக் குடுத்தாங்க. இப்போதைக்கு மாட்டுக்கொட்டாய்ல மூங்கில் கூடாப்பு போட்டுக் கவுத்து வச்சிருக்கோம்.

ராத்திரி கூட்டுக்குள்ள விட்டுட்டா காலைல தன்னால சேர்ந்துக்கும்னு மாமியார் சொல்றாங்க. பகல்லயே தோப்புல அவுத்து விட்டுடலாம்ங்கறார் வீட்டுக்காரர். இன்னிக்குக் காலைல ஒண்ணை மட்டும் வெளிய விட்டுப் பார்த்தோம். சாம்பல் நிறப் பெட்டை ஒண்ணு இருக்குது, அதுதான் கூட்டத்துக்கே பெருசு. ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்திக்கிட்டு ஓடி வந்து நேரா உச்சந்தலையில கொத்துச்சு. வெடை தென்னமட்டைக் குவியலுக்கு அடியில பூந்துக்கிச்சு. மத்தியானம் வரைக்கும் வெளிய வரவே இல்லை. பசங்க மட்டையைத் தூக்கித்தான் எடுத்தாங்க.

பழக்கப்பட்டவங்க சொல்லுங்க. எதையும் சாக விடாம சேர்க்கணும்.

வைகைக்கரை (மதுரை)

உங்க மாமியார் சொல்றது சரிதான் அக்கா. எங்க அப்பத்தா காலத்துல இருந்து இதுதான் முறை. பொழுது அடைஞ்சதும் கோழிக்குக் கண்ணு தெரியாது. எல்லாம் கூட்டுல ஏறி அசந்த பிறகு, புதுசுகளை ஒவ்வொண்ணாத் தூக்கி நடுவுல வச்சிடுங்க. விடிஞ்சு பார்க்கும்போது கூடவே படுத்திருந்ததுன்னு பழசு ஏத்துக்கும். ரெண்டு நாள் விரட்டும், அவ்வளவுதான். இதுக்குன்னு தனிக்கூடு, வலைன்னு செலவு பண்ண வேண்டியதில்லை.

அமராவதிக்கரை (தாராபுரம்)

தோப்புவீடு, கொஞ்சம் பொறுங்க. இன்னிக்கு ராத்திரி எதையும் கூட்டுக்குள்ள விட்டுடாதீங்க. சண்டை ரெண்டாவது பிரச்சினை. சந்தைக்கோழி கொண்டு வர்ற சீக்குதான் முதல் பிரச்சினை.

சந்தையில ஒரே கூடையில எத்தனை வீட்டுக் கோழி மாறி மாறி உட்கார்ந்து எந்திரிச்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. வீட்டுல ஒண்ணு தலையைத் தொங்கப் போட்டதும் மிச்சத்தைச் சந்தைக்குத் தூக்கிட்டு வர்றவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. வாங்குறப்ப கோழி துறுதுறுன்னுதான் இருக்கும். வெள்ளைக்கழிச்சல் உள்ள பூந்திருந்தா வெளிய தெரிய பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும், சில சமயம் ரெண்டு வாரத்துக்கு மேலயும் இழுக்கும். அதுக்குள்ள சேர்த்துட்டா நாலு போற இடத்துல பதினாலும் போயிடும்.

மாட்டுக்கொட்டாய் தோப்புக் கூட்டுல இருந்து எவ்வளவு தூரம்? பழைய கோழிங்க சாணி கிளற அங்க வருதா? வருதுன்னா இடத்தை மாத்துங்க. மூணு வாரமாவது, முடிஞ்சா ஒரு மாசம், தனியா இருக்கட்டும். பழைய கூட்டத்துக்குத் தீனி தண்ணி வச்சு முடிச்சுட்டு, கடைசியாத்தான் புதுசுகிட்ட போகணும். திரும்பி வந்து கைகால் கழுவணும். செருப்பும் தண்ணிச் சட்டியும் தனி. பசங்க இங்க தூக்கிக் கொஞ்சிட்டு அப்படியே அங்க ஓடுறதை நிறுத்துங்க, அதுதான் எல்லா வீட்டுலயும் ஓட்டை.

வைகைக்கரை தம்பி, உங்க அப்பத்தா காலத்துல பக்கத்து வீட்டுக் கோழியைத்தான் வாங்கி விட்டிருப்பாங்க. ரெண்டு வீட்டுக் கோழியும் ஒரே தெருவுல மேய்ஞ்சதுங்க, புதுச் சீக்கு வர வழி இல்லை. இப்ப கோழி எந்த மாவட்டத்துல இருந்து வருதுன்னு விக்கிறவருக்கே தெரியாது.

கால்நடைமாணவி (நாமக்கல்)

அமராவதிக்கரை ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். படிப்பிலும், கல்லூரி மருத்துவமனைக்கு வரும் கோழிகளிலும் பார்த்ததை வைத்துச் சில விஷயங்கள் சேர்க்கிறேன்.

தனிமையில் இருக்கும்போது தினமும் எச்சத்தைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் போலப் போவது, கழுத்து திருகுவது, இறக்கை தொங்குவது வெள்ளைக்கழிச்சலின் அடையாளங்கள். எச்சத்தில் ரத்தம் கலந்திருந்தால் ரத்தக்கழிச்சல். பெரிய கோழிகள் இந்தக் கிருமியோடு சாதாரணமாக வாழும், எச்சத்தில் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதை இதுவரை சந்திக்காத இளங்கோழிக்கு எதிர்ப்பு இருக்காது. அதனால் நோய் இரண்டு பக்கமும் போகலாம் என்பதை மனதில் வையுங்கள். உங்கள் பழைய கூட்டமும் புதியவற்றுக்கு நோய் கொடுக்கலாம். தரை ஈரமாக இருந்தால் இது இன்னும் வேகமாகப் பரவும். மழை நாளில் கூட்டுத் தரையைக் காய வைப்பதுதான் பாதி மருத்துவம்.

இரவில் டார்ச் இல்லாமல் போய் நின்று கேளுங்கள். மூச்சு விடும்போது கொறகொற என்று சத்தம் வந்தாலோ, பகலில் கண் ஓரம் நுரை கட்டியிருந்தாலோ அது நாள்பட்ட சளி நோயாக இருக்கலாம். குணமானது போலத் தெரிந்தாலும் அந்தக் கோழி கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும், மற்றவற்றுக்கும் தரும். அப்படிப்பட்டதைக் கூட்டத்தில் சேர்க்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

இறக்கைக்கு அடியிலும் எச்சத் துவாரத்தைச் சுற்றியும் இறகை விலக்கிப் பாருங்கள், பேன் அங்கேதான் மொய்க்கும். கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் செதிலுக்கு அடியில் உண்ணி இருக்கிறது. வேப்பெண்ணெய் தொடர்ந்து தடவினால் சரியாகும்.

தடுப்பூசி போட்டதா என்று விற்றவரிடம் கேட்க முடியுமா?

தோப்புவீடு (உடுமலை)

விவரமாச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. மாட்டுக்கொட்டாய்க்குப் பழைய கோழிங்க தினமும் வரும். இன்னிக்கே பழைய மோட்டார் ரூமுக்கு மாத்திட்டோம், தோப்புக்கு அந்தக் கடைசி. தடுப்பூசி பத்தி வித்தவங்களுக்கு ஒண்ணும் தெரியலை. எங்க கோழிங்களுக்கு வருஷா வருஷம் முகாம்ல போடுவோம்.

கால்நடைமாணவி (நாமக்கல்)

நல்லது அக்கா. கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி இருவார முகாமைத்தானே சொல்கிறீர்கள்? பழைய கூட்டத்துக்கு அதுவே பெரிய பாதுகாப்பு.

புதியவற்றுக்கு முறைப்படி என்றால், குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, பிறகு 8 வார வயதில் இறக்கைக்கு அடியில் ஆர் 2 பி ஊசி 0.5 மி.லி. ஆர் 2 பி கொஞ்சம் வீரியமான உயிர்த் தடுப்பூசி. குஞ்சில் சொட்டு மருந்தே போடாத கோழிக்கு நேராக இதைப் போட்டால் சிலவற்றுக்குக் காய்ச்சலும் சோர்வும் வரும். உங்களுக்கு முன்கதை தெரியாததால், கோழியை எடுத்துப் போய்க் கால்நடை மருந்தக டாக்டரிடம் காட்டி அவர் சொல்கிறபடி செய்யுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். தடுப்பூசி போட்ட பிறகு குறைந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் பழைய கூட்டத்துப் பக்கம் கொண்டுபோக வேண்டும். சோர்ந்திருக்கிற கோழிக்கு ஊசி போடவே கூடாது.

தனிமைக் காலம் முடியும் கடைசி வாரத்தில் இன்னொரு வேலை செய்யலாம். பழைய கூட்டத்திலிருந்து சாதுவான ஒரு பெட்டையை எடுத்துப் புதியவற்றோடு விடுங்கள். அதற்கு ஏதாவது வந்தால் மொத்தக் கூட்டத்துக்கும் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். எதுவும் வராவிட்டால், அந்தப் பெட்டைக்குப் புதியவற்றின் முகம் பழகியிருக்கும்.

வைகைக்கரை (மதுரை)

சீக்கு விஷயம் ஒத்துக்கிறேன் ஐயா, அதுல வாதம் இல்லை. ஆனா ஒரு மாசம் கழிச்சுச் சேர்க்கும்போது ராத்திரி விடுறதுல என்ன தப்பு? நாங்க அப்படித்தான் விடுறோம், நல்லாத்தான் இருக்குது.

செங்காடு (தருமபுரி)

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். நான் பெருவிடை வளர்க்கிறேன், அசில்ங்கற சண்டைக்கோழி ரத்தம் கலந்தது. எங்க பக்கம் ராத்திரி விட்டீங்கன்னா விடியக்காலை நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்ன ஒண்ணு மண்டை கிழிஞ்சு கிடக்கும். கோழி விடியுறதுக்கு முன்னயே இறங்கிடும். கூடு மூடியிருக்கும், ஓட இடம் இருக்காது, தடுக்க ஆளும் இருக்க மாட்டாங்க. ராத்திரி விடுறதுனா நாலரை மணிக்கெல்லாம் போய்க் கதவைத் திறந்துட்டு அங்கேயே நிக்கணும். அது உங்களால முடியும்னா செய்யுங்க.

சிறுவிடை இவ்வளவு மூர்க்கம் இல்லை. ஆனாலும் இனத்தைப் பார்த்துத்தான் முறையைச் சொல்லணும். கிராமப்பிரியா, வனராஜா வகையறா சாது. ஒயிட் லெகார்ன் மாதிரி முட்டைக்கோழி பயந்து பறந்து சுவத்துல மோதிக்கும். எங்க பெருவிடையில வெடையே திருப்பி அடிக்கும், அது இன்னும் ஆபத்து. ரெண்டும் விடாது.

கால்நடைமாணவி (நாமக்கல்)

வைகைக்கரை அண்ணா, கோழி கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. நார்வேயைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டெருப் எபே என்ற விலங்கியலாளர் 1920களின் தொடக்கத்தில் இதை விவரித்து எழுதினார். சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கூர்ந்து கவனித்தவர். முதலிடத்துப் பெட்டை எல்லாவற்றையும் கொத்தும், கடைசிப் பெட்டையை எல்லாம் கொத்தும். வரிசை ஒருமுறை முடிவாகிவிட்டால் கூட்டத்தில் சண்டை குறைந்துவிடும், ஒரு முறைப்பே போதும். ஒரு கோழி புதிதாக வந்தாலும் அது ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு கோழியோடும் தன் இடத்தை முடிவு செய்தாக வேண்டும். இரவில் பக்கத்தில் படுத்ததால் அந்தக் கணக்கு தீராது, காலைக்குத் தள்ளிப்போகும்.

இன்னொன்று, கோழி மற்றக் கோழியைத் தலையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. கொண்டை, தாடி, முகம். அதனால்தான் ஒருவரையொருவர் பார்க்கும்படி, ஆனால் தொட முடியாதபடி வைத்துப் பழக்குவது பலன் தருகிறது. உங்கள் சொந்தக் கோழியையே நோய் என்று சில வாரம் பிரித்து வைத்துவிட்டுத் திரும்ப விட்டால் அதையும் புதியது போலவே அடிக்கும்.

அமராவதிக்கரை (தாராபுரம்)

ஆமா, வலை போட்டுப் பழக்குறதுதான் வழி. எப்படின்னு சொல்றேன்.

கூட்டை ஒட்டியே ஒரு மூலையை வலையடிச்சுப் பிரிச்சுக்கோங்க. கோழி வலை போதும்னு கடையில சொல்வாங்க, நடுவுல தடுக்க அது போதும். வெளிப்பக்கத்துக்கு வெல்டு மெஷ்தான் போடணும். கோழி வலையை நாய் கிழிச்சிடும், கீரி அடியில தோண்டிட்டு வந்துடும். வெளிவலையை அரை அடியாவது மண்ணுக்குள்ள புதைங்க.

வலைக்கு ரெண்டு பக்கமும் வலையை ஒட்டியே தீனித்தட்டு வைங்க. அந்தப் பக்கம் பழசு, இந்தப் பக்கம் புதுசு, தலைக்குத் தலை பார்த்துக்கிட்டே தின்னணும். முதல்ல பழசு வலை மேலயே பாயும். புதுசு தட்டுக்கிட்ட வரவே பயப்படும். அப்ப தட்டை ஒரு முழம் உள்ள தள்ளி வச்சு, தினம் கொஞ்சமா நகர்த்திட்டு வாங்க. ரெண்டு பக்கமும் பயமும் கோபமும் இல்லாமத் தின்ன ஆரம்பிச்சா வலையை எடுக்கலாம். நாள் கணக்கு வச்சு எடுக்காதீங்க, கோழியைப் பார்த்து எடுங்க. ஒரு வாரத்துல ஆகுறதும் உண்டு, ரெண்டு வாரம் தாண்டுறதும் உண்டு.

வயசு, எடை ரொம்ப முக்கியம். வெடை பழைய பெட்டையோட அளவுல முக்கால்வாசியாவது வந்திருக்கணும். மூணு மாசம்னு சொல்லிக் குடுத்திருக்காங்க, நம்பாதீங்க, தூக்கிப் பாருங்க. சிறுவிடைப் பெட்டை நல்லா வளர்ந்தது ஒண்ணேகால் கிலோ வாக்குல இருக்கும். உங்க வெடை அரைக்கிலோதான் இருக்குன்னா, நாலு மாசம் தாண்டுற வரைக்கும் வலைக்குள்ளயே இருக்கட்டும். அவசரமே இல்லை.

நாலையும் சேர்த்துத்தான் விடணும். ஒண்ணை மட்டும் விட்டா எல்லா அடியும் அது ஒண்ணு மேலதான் விழும், நீங்க அன்னிக்குப் பார்த்தீங்களே.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

வணக்கம். யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். நாங்கள் வாங்கி விடுறது குறைவு, அடை வைச்சுப் பொரிக்கப் பண்ணித்தான் கூட்டத்தைப் பெருக்கிறனாங்கள். தாய்க்கோழி குஞ்சுகளோட வளவுக்குள்ள திரியேக்க மற்றப் பேடு கிட்ட வந்தால் செட்டையை விரிச்சுக்கொண்டு பாயும். பெரிய சேவலும் விலகித்தான் போகும். குஞ்சுகள் பிறந்த நாள் தொடக்கம் எல்லாற்ற முகத்தையும் பாத்து வளருதுகள், எங்க நிக்க வேணும், எப்ப விலக வேணும் எண்டு தாயைப் பாத்தே பழகுதுகள். தாய் கொத்திப் பிரிச்சு விட்ட பிறகு கொஞ்சக் காலம் கஷ்டம்தான், அப்ப பின்னேரத்தில கரப்புக்குள்ள தனியத் தீன் போட்டுக் கவிழ்த்து விடுவம். வேற ஒண்டும் செய்யிறேல்லை.

அக்காவின்ர பேடுகளில ஏதும் அடை கிடக்குமெண்டால், அடுத்த முறை வெடை வாங்காமல் ஒரு நாள் குஞ்சு வாங்கி இரவில அடைக்கோழிக்குக் கீழ வைச்சுப் பாருங்கோ. வளர்ந்த வெடைக்கு இது சரிவராது, தாய் ஏத்துக்கொள்ளாது.

வைகைக்கரை (மதுரை)

இது அருமையான யோசனை. எங்க ஊர்லயும் பஞ்சாரத்துக்குள்ள அடைக்கோழிக்கு வாத்து முட்டையே வச்சுப் பொரிக்க வைப்பாங்க.

மொட்டைமாடி (சென்னை)

தோட்டம் இருக்கிறவங்களுக்கு எல்லாம் சரி. எங்க மாடியில கூண்டு மொத்தமே 10க்கு 8 அடி. 5 கிராமப்பிரியா இருக்கு, இன்னும் 3 வாங்கணும்னு பொண்ணு கேட்கிறா. ஓடி ஒளிய இடமே இல்லாத இடத்துல எப்படிச் சேர்க்கிறது? மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

செங்காடு (தருமபுரி)

இடம் சின்னதுன்னா கண்ணை மறைக்கணும். கோழிக்குப் பார்வையில படாததோட சண்டை கிடையாது. ரெண்டு சாக்கைக் குறுக்கே தொங்க விடுங்க, ஒரு பழைய மேசையைப் படுக்க வைங்க, செங்கல் மேல ஒரு பலகை போடுங்க. எதுக்குப் பின்னாடி ஒளிஞ்சாலும் ரெண்டு பக்கமும் வழி இருக்கணும், அதுதான் முக்கியம். முட்டுச்சந்து மாதிரி ஒரு மூலை இருந்துச்சுன்னா அங்க ஒதுக்கி வச்சுத்தான் கொத்தும். மேல ஏறி உட்கார மூங்கில் ரெண்டு மட்டத்துல கட்டுங்க. ஒரு கோழிக்கு அரை அடி கணக்கு பண்ணாதீங்க, முக்கால் அடி வேணும். இல்லைன்னா வெடை ராத்திரி தரையில எச்சத்து மேல படுக்கும்.

தீனியைத் தட்டுல மட்டும் வைக்காம தரையில தூவி விடுங்க. அகத்திக்கீரையோ முருங்கையோ ஒரு கொத்து கோழித்தலைக்குக் கொஞ்சம் மேல கட்டித் தொங்க விட்டீங்கன்னா, எல்லாம் எட்டி எட்டிக் கொத்திக்கிட்டுக் கிடக்கும். வேலையில்லாத கோழிதான் அடுத்த கோழியைக் கொத்தும்.

அமராவதிக்கரை (தாராபுரம்)

மொட்டைமாடி, ஷீட்டுக்கு அடியில சித்திரை, வைகாசியில சேர்க்கவே சேர்க்காதீங்க. கோழி வாயைத் திறந்துக்கிட்டு இளைக்கிற காலத்துல தண்ணிச் சட்டிக்குப் பக்கத்துல ஒரு பழைய பெட்டை காவல் நின்னா, வெடை ஒரே மத்தியானத்துல செத்துடும். வெயில் தணியட்டும். எப்ப சேர்த்தாலும் தண்ணி மூணு இடத்துல இருக்கணும், ஒரு இடத்துல நிக்கிற கோழிக்கு இன்னொரு இடம் தெரியாத மாதிரி.

8 கோழிக்கு அந்த இடம் ராத்திரி அடையப் போதும். நாள் முழுக்க அடைச்சு வைக்கிறதுன்னா நெருக்கம்தான். சாயங்காலமாவது மாடியில அவுத்து விட வழி இருந்தா வாங்குங்க, இல்லைன்னா பொண்ணுகிட்டப் பேசிப் பாருங்க.

தோப்புவீடு (உடுமலை)

நிறைய நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். தனியா வச்சிருந்த காலம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. டாக்டர்கிட்டக் காட்டி ஊசியும் போட்டாச்சு. எடை குறைவாத்தான் இருந்துது, அதனால வலைக்குள்ள கூடவே நாள் வச்சிருந்தோம். வலையை எடுத்துப் பார்த்தா மத்தப் பெட்டைங்க ஒண்ணும் பெருசாக் கண்டுக்கலை. சேவல் நடுவுல வந்து நின்னுக்கிட்டுப் புதுசுகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இரை காட்டுது.

ஆனா அந்தச் சாம்பல் பெட்டை விடறதில்லை. இன்னிக்கு ஒரு வெடைக்குப் பின்மண்டையில இறகு பிஞ்சு ரத்தம் வந்துடுச்சு. மத்த ரெண்டு பெட்டையும் வந்து அதே இடத்துல கொத்தப் பார்க்குதுங்க. இப்ப என்ன பண்றது?

கால்நடைமாணவி (நாமக்கல்)

உடனே வெளியே எடுங்கள் அக்கா. சிவப்பைப் பார்த்தால் கோழி கொத்தாமல் விடாது. ஒன்று தொடங்கினால் எல்லாம் சேர்ந்து அந்தக் காயத்தைத் தோண்டிவிடும்.

இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணீரில் காயத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போடுங்கள். ஈ உட்கார விடக் கூடாது, ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். ஜென்ஷன் வயலெட் கிடைத்தால் அதைத் தடவுவது இன்னும் நல்லது, நீலம் சிவப்பை மறைத்துவிடும். காயம் ஆழமாக இருந்து எலும்பு தெரிந்தால் மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள்.

அமராவதிக்கரை (தாராபுரம்)

காயம் பட்டதைத் தூரமாக் கொண்டுபோகாதீங்க. கூட்டுக்குள்ளயே ஒரு ஓரமாக் கூடாப்பு போட்டுக் கவுத்து வைங்க, மத்ததுங்க பார்வையில இருக்கட்டும். இல்லைன்னா திரும்ப முதல்ல இருந்து பழக்கணும்.

தூரமாப் போக வேண்டியது சாம்பல் பெட்டை. அதைப் பிடிச்சு மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோய் நாலஞ்சு நாள் தனியா விடுங்க. கண்ணுலயும் படக் கூடாது, சத்தமும் கேட்கக் கூடாது. அந்த இடைவெளியில மிச்சக் கூட்டம் தனக்குள்ள ஒரு ஒழுங்கு பண்ணிக்கும். திரும்ப விடும்போது அதுதான் புதுசா வர்ற கோழி, தன் இடத்தைத் தேடவே அதுக்கு நேரம் சரியா இருக்கும். அடி வாங்குனதைப் பிரிச்சு வச்சுட்டு அடிச்சதைக் கூட்டத்துல விடுறதுதான் நிறைய வீட்டுல நடக்குது. அதனாலதான் சண்டை முடியறதே இல்லை.

சேவல் நல்லா இருக்குது உங்களுக்கு. பெட்டைங்க சண்டையில நடுவுல பூந்து பிரிக்கிற சேவல் கிடைக்கிறது பெரிய விஷயம், அதை வித்துடாதீங்க.

இனிமே தினமும் பண்ண வேண்டியது ஒண்ணு சொல்றேன், இதைத்தான் யாரும் செய்யறதில்லை. ரத்தம் வந்தா எல்லாரும் ஓடி வருவோம். தீனிகிட்ட அண்ட விடாம ஒதுக்குறது நம்ம கண்ணுக்குத் தெரியாது. பழசு முறைச்சாலே போதும், வெடை தட்டை விட்டு நகர்ந்துக்கும். வெளிய பார்க்க அமைதியாத்தான் இருக்கும். நாமளும் சேர்ந்துடுச்சுன்னு சந்தோஷப்படுவோம். வெடை கொஞ்சம் கொஞ்சமா எடை இறங்கி, ஒரு நாள் காலைல கூட்டுக்கு அடியில கிடக்கும். நான் பார்த்த வரைக்கும் இப்படிச் சேர்க்கிறதுல போற உயிரு கொத்துல போறதை விடப் பட்டினியில போறதுதான் அதிகம்.

பொழுது சாஞ்சு கோழி ஏறுனதும் வெடையை ஒவ்வொண்ணாத் தூக்குங்க. கழுத்து முடிஞ்சு நெஞ்சு ஆரம்பிக்கிற இடத்துல, வலது பக்கமா, இரைப்பையைத் தொட்டுப் பாருங்க. நாள் முழுக்க மேய்ஞ்ச கோழிக்கு அங்க எலுமிச்சம்பழம் அளவுக்கோ அதுக்கு மேலயோ கெட்டியா இருக்கும், விரலால அழுத்துனா உள்ள கம்பும் சோளமும் நெருடும். தீனி கிடைக்காததுக்குத் தோல் சுருங்கித் தட்டையா, வெறும் பையாக் கையில வரும். தண்ணி மட்டும் குடிச்சிருந்தா மெத்து மெத்துன்னு இருக்கும். அப்படியே நெஞ்செலும்பை ஒரு தடவு தடவுங்க. ரெண்டு பக்கமும் சதை வத்தி எலும்பு கத்தி மாதிரி விரல்ல பட்டா, அது பல நாளாப் பட்டினி கிடக்குது.

இரைப்பை காலியா இருக்கிற வெடையைக் கூடாப்புக்குள்ள விட்டு அப்பவே குருணையும் தண்ணியும் வைங்க, விளக்கு வெளிச்சத்துல தின்னும். மறுநாள் தீனித்தட்டு ஒண்ணைக் கூட்டிப் போடுங்க, அதுவும் எட்டத்துல.

தோப்புவீடு (உடுமலை)

ஐயா, நீங்க சொன்னதும் ராத்திரியே போய்ப் பார்த்தேங்க. காயம் பட்டது இல்லாம இன்னொரு வெடைக்கும் இரைப்பை காலி. அது ஒரு அடியும் வாங்கலை, ஓரமா அமைதியா நிக்கும், அது சாதுன்னு நினைச்சுட்டு இருந்தோம். இப்பத்தான் தனியா குருணை வச்சேன், நிமிராமத் தின்னுச்சு. சாம்பல் பெட்டை மோட்டார் ரூமுக்குப் போயாச்சு.

இன்னொரு சந்தேகம். பழசுக்கு முட்டைக்கோழித் தீவனம் கொஞ்சம் கலந்து போடுறோம். வெடைங்களும் அதையே தின்னலாமா? தனித்தனியாப் போட முடியலை.

கால்நடைமாணவி (நாமக்கல்)

வேண்டாம் அக்கா. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வளரும் கோழிக்குத் தேவை 1 சதவீதம் அளவுக்குத்தான். முட்டை ஓடாக வெளியேற வழியில்லாத சுண்ணாம்பு சிறுநீரகத்தைத் தாக்கும். நாள்பட உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து சாகும்.

இப்படிச் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் வளர்தீவனமோ, நீங்கள் வழக்கமாகப் போடும் கம்பு, சோளம், தவிடோ பொதுவாக வையுங்கள். கிளிஞ்சல் தூளை மட்டும் தனிக் கிண்ணத்தில் ஓரமாக வைத்துவிடுங்கள். முட்டையிடும் கோழி தனக்குத் தேவையானதைத் தானே போய்த் தின்னும், வெடை அதைச் சீண்டாது. தோப்பில் மேயும் கூட்டத்துக்கு இதுவே போதும்.

தோப்புவீடு (உடுமலை)

கிளிஞ்சல் இங்கயே கடையில கிடைக்கும், நாளைக்கே வாங்கிடறேன். வெடை எப்ப முட்டைக்குத் தயாராகும்னு எப்படித் தெரியும்?

செங்காடு (தருமபுரி)

சிறுவிடைன்னா அஞ்சரை மாசத்துக்கு மேல எப்ப வேணா வரும். கொண்டை வெளிறி இருந்தது சிவந்து பெருசாகும். முதுகுல கை வச்சா ஓடாம அப்படியே பதுங்கும். இடம் தேடிக் கொக்கரிச்சுக்கிட்டே மூலை மூலையா நுழையும்.

அதுக்கு முன்னாடியே முட்டையிட இன்னொரு இடம் பண்ணிடுங்க. இப்ப இருக்கிற கூடையில பழைய பெட்டை உள்ள விடாது. வெடை அங்க அடி வாங்கினா அப்புறம் தென்னமட்டைக்கு அடியில, வரப்போரம்னு கண்ட இடத்துல வச்சிட்டு வரும், பாம்புக்கும் கீரிக்கும்தான் போகும். நாலஞ்சு கோழிக்கு ஒரு கூடைங்கறது கணக்கு, உங்களுக்கு 13 பெட்டை ஆச்சு. பழைய கூடைக்கு எதிர்மூலையில, இருட்டா இருக்கிற பக்கமாப் பார்த்து, வைக்கோல் போட்டு ரெண்டு கூடை வைங்க. உள்ள ஒரு கூமுட்டையோ வெள்ளைக் கூழாங்கல்லோ போட்டு வச்சிட்டா, இதுதான் இடம்னு வெடை பிடிச்சுக்கும்.

தோப்புவீடு (உடுமலை)

சரிங்க, மோட்டார் ரூம்ல பழைய கூடை ரெண்டு கிடக்குது. சாம்பல் பெட்டையைத் திரும்ப விடும்போது எழுதறேன்.